நூற்றிருபது சென்டிமீட்டர்

காலையில் டிக்கெட் ஜன்னல்,
மாலையில் வெளியேறும் வாசல். இதுதான் என் டியூட்டி.
மாலையில் கையில் ஒரு டேப்லெட்.
அதில் ஐந்து முகங்கள், அழுவதிலிருந்து இளிப்பது வரை.
ஏதாவது ஒன்றைத் தொடவைக்க வேண்டும்.
தொட்டவர்க்கு ஒரு லாலிபாப்.

கேள்வி ஒன்றே ஒன்று:
ஆனந்தலோகா வளர்கிறது, உங்களுக்கு எப்படி இருக்கிறது?
கன்னடத்தில் இருக்கிறது, இந்தியில், ஆங்கிலத்தில்.
தமிழுக்கு நான் இருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து காரில் வந்தவர்
பார்க்கிங் சீட்டை முகத்துக்கு நேரே ஆட்டுகிறார்.
"நின்ன வண்டிக்கே இருநூறு. ஓடியிருந்தா?"

ஓசூர்ப் பையன்கள் ஒன்பது பேர்.
"பாதி ரைடு தகரத்துக்குப் பின்னால,
முழு டிக்கெட்டு எங்க தலை மேல"
என்று கைதட்டித் தாளத்தோடு சொல்லிவிட்டு
அழும் முகத்தை ஒருவர்பின் ஒருவராய் அழுத்தினார்கள்.
ஒன்பது லாலிபாப்.

தூசி கிடக்கட்டும், பாத்ரூம் சுத்தம்,
அதுக்கே நாலாவது முகம் என்கிறாள் ஒரு கெங்கேரிக்காரி.
அலைக்குளத்தில் சிமெண்ட் வாசனை என்கிறாள் புதுப்பெண்.
இல்லவே இல்லை என்கிறான் புருஷன்.
அங்கேயே நின்று அவர்கள் அதைப் பேசி முடிப்பதற்குள்
என் திரை அணைந்துவிட்டது.

மூன்று வயதுக்காரி ஒருத்தி
தகரத்தின் ஓட்டையில் கண் வைத்து
பகல் முழுக்க ஜேசிபி பார்த்தவள்
ஐந்து முகங்களையும் தொட்டாள்.
அவளுக்கு டிக்கெட்டே கிடையாது,
கணக்கில் சேர்க்காதே என்றார் நாகேந்திரா சார்.

இனி ரூபன்.

இங்கே இரண்டு கோடுகள் உண்டு.
ஒன்று என் ஜன்னலருகே: அதற்குக் கீழே நின்றால் குழந்தை.
இன்னொன்று கருடா ரைடின் வாசலில்:
அதற்குக் கீழே நின்றால் திரும்பிப் போ.
இரண்டுக்கும் ஒரே உயரம், நூற்றிருபது.
ஆகவே குடும்பங்கள் காலையில் முழங்காலை மடக்கும்,
பிற்பகலில் குதிகாலை உயர்த்தும்.
ஒரே நாளில் இப்படி வளர்ந்த பிள்ளைகளை
நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.
சொன்னதில்லை யாரிடமும்.

போன மே மாதம் ரூபன் நூற்றுப்பதினேழு.
கருடாவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
இன்று காலை என் ஜன்னலில் அவன் அப்பா,
லிங்கராஜபுரத்தில் ஃபோட்டோவுக்கு ஃபிரேம் போடுகிறவர்,
மெதுவாகச் சொன்னார், "லேசா மடங்குடா."
நானும் ரூபாய் எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவன் மடங்கவில்லை.
செருப்பைக் கழற்றினான்,
கோட்டில் முதுகை ஒட்டி, மூச்சைக்கூட இழுக்காமல்
நின்றான். நூற்றிருபத்தொன்று.
குழந்தைக்கு ஆயிரத்து இருநூறு,
அவனுக்கு ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.
அப்பா பர்ஸைத் திறந்தார், மூடினார்,
பேண்ட்டின் உள்பாக்கெட்டைத் திறந்தார்.

நான் சொல்லியிருக்க வேண்டும்.
வரிசை நீண்டிருந்தது.
கருடாவைச் சுற்றித் தகரம் அடித்து இருபது நாளாகிறது.
தகரத்தில் கருடா-2 பறக்கும் படம்,
படத்தில் கையைத் தூக்கிக் கத்தும் நான்கு பேர்,
விரைவில், என்று எந்தத் தேதியும் இல்லாமல்.

ஏழு மணிக்கு வெளியே வந்தார்கள்.
"நல்லாருந்துச்சுன்னு போடுங்க மேடம்," என்றார் அப்பா.
வந்த செலவை வீணென்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை.
ரூபன் முகங்களைப் பார்த்தான். தொடவில்லை.
லாலிபாப் வேண்டாமென்று தலையசைத்துவிட்டுக் கேட்டான்:
"திறக்கும்போது கோட்டையும் ஏத்திருவீங்களா?"

தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது.
கருத்து எழுதும் கட்டத்தில் அப்படியே தட்டினேன்.
தமிழ் எழுத்துகளை அது
சின்னச் சின்னக் கட்டங்களாக வாங்கிக்கொண்டது.

ஸ்டாஃப் பஸ்ஸுக்குப் போகும் வழியில்
கருடா வாசலின் உயரப் பலகையைப் பார்த்தேன்.
பிடுங்கித் தகரத்தில் சாய்த்திருந்தார்கள்,
பக்கத்தில் அரைமூட்டை ஜல்லி.
சாய்ந்திருந்ததால்
கோடு கொஞ்சம் தாழ்ந்திருந்தது.