எட்டு எழுத்துக்குள்

உட்துறைமுக வீதி, மருந்துக்கடைக்கு மேல் அறை.
மின்விசிறி இரண்டில் ஓடுகிறது, மூன்று பழுது.
விளையாட்டைச் செய்தவர்கள் போலந்தில்,
இடையில் ஒரு கம்பனி சென்னையில்,
சொல்லுக்கு நான்கு ரூபாய் எனக்கு.

வரி இருநூற்றுப் பன்னிரண்டு:
ஸீனோஸ்.
குறிப்பு: வேற்றுக்கோள் உயிர்கள். எல்லாமே எதிரி.
எட்டு எழுத்துக்கு மேல் போனால்
பொத்தானுக்குள் அடங்காது.

வேற்றுக்கிரகவாசி.
அதன் 'சி' மட்டும் வெளியே நிற்கிறது.
அந்நியன். அடங்கும்.
ஆனால் இந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பார்த்து
சொல்லித் தேய்த்த சொல்.
வந்தேறி என்று எழுதி
உடனே அழித்தேன்.
அதில் தேர்தல் நோட்டீஸின் பசை நாறுகிறது.

கிரேக்க அகராதியைத் திறந்தேன்.
ஸீனோஸ்: புறத்தான்.
கீழே, அதே சொல்: விருந்தாளி.
அதற்கும் கீழே: விருந்தாளியை ஏற்கிறவன்.
மூன்று பேருக்கும் ஒரே கதிரை.

நம்மிடமும் உண்டு இது.
விருந்து என்றால் முதலில் சாப்பாடு இல்லை,
புதுசு.
முன்பின் தெரியாத முகம்.
சோறு பிறகுதான் வந்து
அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்தது.

தொண்ணூற்றேழில்
மூதூர் லோஞ்சில் வந்து இறங்கினான் பிறேமகாந்தன்,
சம்பூர் மாமியின் மகன், பல்லுக்கொதி.
அம்மா மா குழைத்தாள்,
அக்காவைச் சுடச் சொன்னாள்,
கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு
வீட்டு ஆட்கள் பதிவுப் படிவத்தை எடுத்தாள்.
கடைசி நிரல்: இரவு தங்கும் விருந்தினர்.
சென்றிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.
பதினொரு வயது.
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று
வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே போனேன்.

இல்லை.

வரி இருநூற்றுப் பதின்மூன்று சுலபம்: சுடு.
இரண்டும் திரையில் அடுத்தடுத்து வரும், சத்தமாக,
என்கிறது குறிப்பு.
தட்டிப் பார்த்தேன்.

விருந்தாளி! சுடு!

நெற்றியில் துவக்கு வைக்கிற வசனம்.
அடுப்படியில் அம்மா
அக்காவைப் பார்த்துக் கத்திய வசனம்.
ஓர் எழுத்து மாறவில்லை.

கீழே, கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள்
மூடிய மரக்கறிக்கடை வாசலில் கோவா இலை தின்கின்றன.
ஓட்டோ ஒன்று லைற்றை அணைத்துவிட்டு
நிற்கிறது, கொம்பு கடந்து போகும்வரை.

ஐந்து எழுத்து. பொத்தானில் இடம் மிச்சம்.
'ஏன் இந்தச் சொல்?' என்ற பெட்டியை
வெறுமையாக விட்டு அனுப்பினேன்.
இரண்டு சொல், எட்டு ரூபாய்.

கிண்ணியாவில் எந்தப் பொடியனாவது
நோன்பு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருக்க,
றொட்டி வாசம் மூக்கில் ஏற,
அந்தப் பொத்தானுக்கு மேல்
விரலை ஒரு கணம் நிறுத்துவான்.

நிறுத்தினால் தோற்பான்.
தெரியும்.