இடது, உறுதி

முதலில் மணியை நிறுத்தினேன்.
அப்புறம் ஒரு மூச்சு,
எதையும் தொடாமல்.

இடது என்ஜின் சிவப்பு.
கீழே முக்கொம்பில் ஆறு இரண்டாகிற இடம்,
இந்த இருட்டில் கொள்ளிடம் எது காவிரி எது
என்று எனக்குத் தெரியாது. மாசிலாமணிக்குத் தெரியும்,
லால்குடிக்காரன்.
அவன் பார்க்கவில்லை.
மடியில் புத்தகம், வரிக்கடியில் கட்டைவிரல்.

இந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.
இருந்தாலும் வாசிக்கிறான்,
ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில்.

என் கை போனது.
பதினோராயிரம் மணி நேரம் பறந்த கை
வலது லீவரின் மேல் போய் உட்கார்ந்தது.

அவன் கத்தவில்லை.
தாளில் இருந்ததை மட்டும் வாசித்தான்:
"இடது. உறுதி செய்க."

குனிந்து கையைப் பார்த்தேன்.
யாருடையதோ போல இருந்தது.
எடுத்து மாற்றி வைத்தேன்.
"இடது."
"இடது, உறுதி."
இழுத்தேன். மதகு இறங்கியதுபோல்
எரிபொருள் நின்றது.

ஏழாம் வரிசையில் ஒருவர்
காபி ஏன் வரவில்லை என்று கேட்டாராம்.

திருச்சி ஓடுபாதையில் நுரை வண்டிகள், ஈரம்,
பன்னிரண்டு நிமிடத் தாமதம்.
அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் எழுதினேன்:
கேப்டனின் கை முதலில் வலது பக்கம் போனது.

"அதை எழுதணுமா மேடம்?"

அந்த 'உறுதி செய்க' என்ற வரி
சும்மா வந்திருக்காது மாசிலாமணி.
எங்கோ ஒரு கை
மாறிப் போயிருக்கும்,
பக்கத்தில் வாசிக்க
ஆளில்லாமல்.