கடைமடையிலிருந்து ஒரு திருத்தம்

திருத்துறைப்பூண்டி, ரயிலடிக்குப் போகும் சாலை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா, சிட்டா, அடங்கல்.
பலகையில் என் பெயர் இல்லை. உள்ளே இருப்பது நான்.
மூன்று கணினிகள்.
இரண்டில் லினக்ஸ்.
மூன்றாவதில் விண்டோஸ்,
கைரேகைக் கருவி அதில் மட்டும்தான் கண் திறக்கிறது.
கொள்கை பேசுகிறவளின் கடையிலும்
மூலையில் ஒரு சமரசம் இரைந்துகொண்டிருக்கும்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு நீங்கள் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம்.

மிக்சி வாங்கப் போனால்
ஜாரைத் தொடமாட்டேன், கவிழ்த்து அடியைப் பார்ப்பேன்.
என் திருப்புளிக்கு மசியாத முக்கோணத் திருகாணியா,
வேண்டாம்.
"சட்னி அரைக்கத்தானம்மா வாங்குறீங்க?" என்பார் கடைக்காரர்.
இல்லை அண்ணே,
அது அரைக்காமல் நிற்கப்போகும் நாளுக்கு வாங்குகிறேன்.

அற்புதராஜ் பெண் பார்க்க வந்த அன்று
பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.
கடன் எவ்வளவு, எந்த வங்கி, எத்தனை தவணை பாக்கி
என்று கேட்டேன்.
கூடமே மின்விசிறியை அண்ணாந்து பார்த்தது.
மறுநாள் பாஸ்புக்கின் நகல் வந்தது,
கடைசிப் பக்கத்தில் பென்சிலால்
தங்கைக்காக எடுத்த சீட்டுக் கணக்கோடு.
மூலத்தைக் காட்டுகிறவன் பிழையில்லாதவன் என்றில்லை.
எந்த வரியில் பிழை என்று
இரண்டு பேராகத் தேடலாம், அவ்வளவுதான்.
பதினோரு வருஷமாகத் தேடுகிறோம்.

எல்லாவற்றையும் திறந்து போடச் சொல்லவில்லை நான்.
என் நாட்குறிப்புக்குப் பூட்டு உண்டு.
பூட்டியது நான், சாவியும் என் இடுப்பில்.
என் வீட்டைப் பூட்டிவிட்டு
சாவியை யாரோ ஒரு கம்பெனி வைத்துக்கொண்டு
மாதாமாதம் கதவு திறக்கக் காசு கேட்பதுதான்
தொண்டையில் நிற்கிறது.

போன ஆவணியில் கௌரி அக்கா வந்தார்,
இடும்பாவனத்திலிருந்து, இரண்டு பஸ் மாறி.
கணவர் போய் எட்டு மாதம்.
பட்டியலில் பெயரே இல்லை என்று
மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
நானும் தட்டித் தேடினேன். இல்லை.
அச்சடித்த தாளில் விரல் வைத்துப் பார்த்தால்
நாற்பத்தாறாவது வரியில் இருக்கிறார்.

இரவு பதினொன்றரைக்குப் புரிந்தது.
யாரோ, எந்த அலுவலகத்திலோ,
ஔகாரக் குறி தட்ட வேண்டிய இடத்தில்
ஒற்றைக்கொம்பும் ளகரமும் தட்டியிருக்கிறார்.
தாளுக்கு இரண்டும் ஒன்று.
கணினிக்கு அவர் கெ, ள, ரி.
யாரோ ஒரு கெளரி.

நான் தட்டும் விசைப்பலகை நிரல் திறந்தே கிடப்பது.
இறங்கிப் பார்க்கலாம், சேற்றில் கை விடலாம்.
கொம்போடு ளகரம் வந்தால் ஔ ஆக்கு என்று எழுதினேன்.
வெள்ளம் கெட்டது. தெளிவும் கெட்டது.
கெளுத்தி மீன் அடையாளம் தெரியாமல் போயிற்று.
அழித்தேன்.
ளகரத்தின்மேல் புள்ளியோ காலோ கொக்கியோ ஏறியிருந்தால்
தொடாதே என்று சேர்த்தேன்.
நான்கு வரி.
அதைச் சரிபார்த்தவர் போர்ட்டோ அலெக்ரேயில் இருக்கிறார்,
தமிழில் ஓரெழுத்தும் அறியாதவர்.
கெளுத்தி என்றால் என்ன என்று கேட்டார்.
மீசையுள்ள மீன் என்றேன்.
ஏற்றுக்கொண்டார்.

மேட்டூரில் திறந்த தண்ணீர்
மேல்மடை குடித்து, நடுமடை குடித்து
எங்களிடம் வரும்போது கணுக்கால் நனையும், சில வருஷம்
அதுவும் இல்லை.
இது மட்டும் கடைமடையில் கிளம்பி
ஒரே ராத்திரியில் மேலே ஏறிப் போனது.

அலுவலகப் பட்டியலை என்னால் திருத்த முடியாது. அது மூடியது.
அவர்கள் தட்டியபடியே தப்பாகத் தட்டினேன்.
உடனே கிடைத்தார்.
பிரிண்ட் எடுத்தேன். பத்து ரூபாய்.
சில்லறை இல்லை என்றார் அக்கா.
கடன் நோட்டில் எழுதிக்கொண்டேன்,
பேனாவால்,
எந்த ௌ என்று யாரும் கேட்காத நோட்டில்.