சூடை

ஐஸ் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கி
பல்லிடுக்கில் கொடுத்து
வாயைத் திறந்து பழகுகிறேன்.
ஆடியில் ஒன்பது குச்சி.
ஐப்பசி வந்து இன்று பதினாறு.
பதினாறு என்றால் ஒரு கரண்டி சோறு நுழையும்,
படுக்கை வசத்தில்.

மூக்குக் குழாயில் கஞ்சி இறங்கிய நாளெல்லாம்
தெற்குவாடியில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன.
உனக்கும் தடைக்காலம்தான் என்று சிரித்தான் இன்னாசி.
அவனுக்கு அறுபத்தோரு நாளில் முடிந்தது.

புகையிலை ஒதுக்கிய பக்கம் பாதி நாக்கை வெட்டி
இடது முன்கைத் தோலை எடுத்துத் தைத்திருக்கிறார்கள்.
ஓரியூர்த் திருவிழாவில் பச்சை குத்திய கை.
பிலோமி என்று இருந்தது.
மணிக்கட்டில் இப்போது 'பி' மட்டும்.
மற்ற இரண்டெழுத்தும் வாய்க்குள்.
கொஞ்சம் மயிரும் முளைத்தது அங்கே,
கரண்டு வைத்ததில் உதிர்ந்துவிட்டது.
டார்ச் அடித்துப் பார்த்தவள் சொன்னாள்:
"'மி' தலைகீழாக் கெடக்கு."

ஏலக்காரன் நான்.
ழகரம் வருவதில்லை.
அறுநூறுக்கு அடுத்து எண்ணூறுக்குத் தாவுகிறேன்.
கேரளத்து வியாபாரி முறைக்கிறான்.
நடுவில் இன்னாசி ஏழு விரலைத் தூக்கிக் காட்டுகிறான்.

அதுகூடப் பரவாயில்லை.
இருட்டில், ஆடுகிற படகில், அரட்டைக்கு நடுவே
சூடையை வாய்க்குள் போட்டால்
நாக்கே முள்ளைப் பிரித்து
கடைவாய் ஓரம் ஒதுக்கிவிடும்.
யாரும் சொல்லித் தராத படிப்பு.
அதில் பாதி மதுரை ஆஸ்பத்திரியில் போனது.

இன்றைக்குத்தான் மீன்.
புளியில்லை, மிளகாயில்லை,
மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தது.
பிலோமி மூக்குக்கண்ணாடியோடு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து
மயிர் போன்ற முள்ளை ஒவ்வொன்றாய் உருவி
தட்டோரம் வைக்கிறாள்.
சோற்றோடு குழைத்ததை வலது பக்கம் வைக்கிறேன்.
இடது பக்கம் போனால்
விரல் விட்டுத்தான் தேட வேண்டும்.
தலையைச் சாய்த்து ஒரு மடக்குத் தண்ணீர்.
பாதி சட்டைக்கு.

முதல் வாய் ஈரச் சாக்கு.
இரண்டாவது, துருப்பிடித்த நங்கூரம்.
மூன்றாவதை விழுங்கியபின்
மூக்குக்குப் பின்னால் எங்கிருந்தோ
சூடை வந்தது.

அப்போதுதான் குத்தியது.
அவள் கண்ணுக்குத் தப்பிய ஒரு முள்,
மிச்ச நாக்கில்.
"துப்புங்க, துப்புங்க" என்று எழுந்தேவிட்டாள்.
கையமர்த்தினேன்.
துழாவி, நழுவவிட்டு, மறுபடி துழாவி
உதடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது அது.
எடுத்துக் காட்டினேன்.
"என்னத்தைச் சிரிக்கிறீக" என்றாள்,
துண்டால் என் தாடையைத் துடைத்தபடி.

தட்டு காலியாக ஒரு மணி நேரம்.
ராமேஸ்வரம் போன ரயில் திரும்பியும் விட்டது.
முள்ளுக்குக் காத்திருந்த பூனை
தூங்கிவிட்டது.