படிவம் எண் பதினேழு

"படகு துறையை ........."
ஒன்பது புள்ளிகள்தான் விட்டிருக்கிறான் அச்சடித்தவன்.
அவன் ஊரில் வினைச்சொற்கள் குட்டை போலும்.

தொட்டது, என்றார் காப்டன் எலெயோதோரோ பர்ரீயா.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
குழந்தை கன்னத்தைத் தொடுவதுபோல்
காற்றைத் தொட்டுக் காட்டினார்.
அவ்வளவுதான் செனோரா. பூமாதிரி.
அவர் நெற்றியில் மூன்று தையல்.

கயிறு பிடிக்கும் பையன் நெமேசியோ
உரசிச்சு என்றான்.
காப்டன் இன்னும் வாசலில் நிற்பதைப் பார்த்து
லேசா, என்று சேர்த்துக்கொண்டான்.
அவர் புகைக்கப் போனதும்
குரலை இறக்கி: மோதிச்சு.
இரண்டையும் எழுதி ஒன்றை அடித்தேன்.
எங்கள் அலுவலகத்தில்
எழுதுவதும் அடிப்பதுதான்,
எழுதியதை இல்லாமல் ஆக்குவதும் அடிப்பதுதான்.

டீசல் விற்கும் உல்லோவா விவரமானவர்.
முட்டிச்சு என்று போட்டுடாதீங்க, என்றார்,
முட்டுறதுக்குக் கொம்பு வேணும்,
இல்லாட்டி மடி வேணும், கன்றுக்குட்டி மாதிரி.
இடிச்சது. அதுதான் சரி.
புவர்த்தோ மோன்ட்டிலிருந்து வந்திருந்த காப்பீட்டுக்காரர்
நனைந்த ஷூவுக்குள் கால்விரல்களை அசைத்தபடி
முதன்முறையாகச் சிரித்தார்:
இடி வானத்தின் வேலை,
வானத்தின் வேலைக்கு நாங்கள் பணம் கொடுப்பதில்லை.

அவர் விரும்பிய சொல்: தொடர்பு ஏற்பட்டது.
கல்யாணத் தரகர் பேச்சு.
தாக்கியது மட்டும் வேண்டவே வேண்டாம்,
தாக்குவதற்கு நோக்கம் வேண்டுமாம்.
படகுக்கு நோக்கம் இருந்ததா, எனக்குத் தெரியாது.
அன்று பனிமூட்டம். அது முகம் காட்டவில்லை.

வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது,
தகரக் கூரை எந்தப் புகாரும் கொடுக்காமல் வாங்கிக்கொண்டது.
தேவாலயத்தில் மணி அடித்தார்கள்.
எதிர்வீட்டுச் சுவருக்கு இரண்டாம் கை நீலம் அடித்தார்கள்.
விறகுப் புகை வாசனை அடித்தது.
வானொலியில் யாரோ கோல் அடிக்க
உல்லோவா என் மேஜையைத் தட்டினார்.
எண்பத்தேழாம் வருஷம், ஜூன், தால்காவே;
எல்லாம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டிருந்தது,
ஒருவர் கையும் உடையவில்லை.

ருதெலிந்தா மன்சீயாவின் கை உடைந்திருந்தது.

மாவுக்கட்டைக் கோப்புகளின்மேல் வைத்துக்கொண்டு
உட்கார்ந்தாள். கடல்பாசி வாடை.
என்ன நடந்தது?
சிப்பி எண்ணிக்கொண்டிருந்தேன்.
பிறகு?
நாற்பத்தொன்று.
பிறகு?
பலகை இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது.
படகு என்ன செய்தது, அதைச் சொல்லுங்கள்.
வந்தது.
வந்து?
நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் வந்தது.
காப்பீட்டுக்காரர் பேனா மூடியைக் கடித்தார்.
வந்தது என்றால் அது விபத்தே இல்லை செனோரா,
அது கால அட்டவணை.

நானும் அன்று இங்கேதான் இருந்தேன்.
மை பாட்டில் தானாக நடந்து மேஜை விளிம்புக்குப் போனது.
பார்த்தேன். பிடிக்கவில்லை.
எழுத்தருக்கு என்று படிவத்தில் கட்டம் கிடையாது.

எல்லாரும் போன பிறகு
மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கார்பன் வைத்து
ஒன்பது புள்ளிகளுக்கு நேரே வண்டியை நகர்த்தினேன்.
எந்தச் சொல்லைத் தொடங்கினேன் என்பது இருக்கட்டும்.
முதல் எழுத்தில்
விரல் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிட்டது.
மூன்று தாளிலும் ஓட்டை,
ஒரே இடத்தில்.

வேறு படிவம் இருந்தது. எடுக்கவில்லை.

மறுநாள் மேலதிகாரி படித்தாரோ இல்லையோ,
முத்திரை குத்தினார்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது,
அதற்கு யாரும் சாட்சி கேட்கவில்லை.

தன் பிரதியை வாங்க ருதெலிந்தா வந்தாள்.
படிக்கத் தெரியாதவள்
தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்,
இடது கைச் சுண்டுவிரலை
அந்த ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தாள்.

கொஞ்சம் சின்னது, என்றாள்.