அரை வேகத்தில்

வின்டர்தூர், இரண்டாம் ஆய்வுக்கூடம்.
இரவு ஒன்றே கால்.
மலையிலிருந்து பழைய துவாய் சுற்றி
வந்திருக்கிறது ஒரு பற்சக்கரம்.
நேற்றுவரை ஸ்கீ லிஃப்டின் வயிற்றில் இருந்தது.

இருபத்தேழு பல்.
உடைசல் இல்லை, விரிசல் இல்லை.
ஒவ்வொன்றின் வேர்ப்பக்கத்திலும் மட்டும்
மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் ஒரு சாம்பல் மங்கல்.
துடைத்தால் போகவில்லை.
லென்ஸுக்குக் கீழே
அது மங்கலே இல்லை, குழிகள்,
மயிரிழையில் பத்திலொரு பங்கு ஆழத்தில்
எண்ண முடியாத குழிகள்.

"பாரம் தாங்கவில்லை என்று எழுதி முடி"
என்கிறார் பேக்டோல்ட்.
முழுப் பாரம், முழு வேகம், தொண்ணூறு டிகிரி.
புதிய சோடியை மூன்று இரவு ஓட்டினேன்.
அத்தனை பல்லும் காட்டிச் சிரித்தது.

சுழலச் சுழலத்தான் எண்ணெய்
இடுக்குக்குள் இழுபட்டு வந்து
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே பாய் விரிக்கும்.
அரை மைக்ரான் பாய்.
டன் கணக்கில் அதன்மேல் உட்காரலாம்.
வேகம் தளர்ந்தால் பாய் சுருங்கும்.
சூடேறிய எண்ணெயோ பதம் தப்பிய பாகு,
நிற்காமல் நழுவும்.
பிறகு பல்லுக்குப் பல்தான்.

விடிந்ததும் லிஃப்ட்காரர் ஃப்ளூரினை அழைத்தேன்.
நாளேடு புரளும் சத்தம். இருமல்.
"மத்தியானம் ரெண்டிலிருந்து நாலுவரை அரை வேகம்.
குட்டிப்பிள்ளைகளின் வகுப்பு.
நாற்காலி முழங்காலில் இடித்தால் அழுகிறார்கள்.
கூட்டமா? ஒரு நாற்காலி காலியாகப் போகாது."

ரெண்டு மணி.
காலையிலிருந்து ஓடி
எண்ணெய் தண்ணீராகிவிட்ட வேளை.

அதே பாரம், அதே சூடு, அரை வேகம்.
நாற்பது மணிநேரத்தில்
என் சோடியிலும் சாம்பல் பூத்தது.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு.
இதை ஜெர்மன் மொழியில் எப்படி எழுதுவது?
எழுதினேன்:
இருநூற்றிருபது வேண்டாம், முந்நூற்றிருபது ஊற்றவும்.
ஒரு குளிர்விப்பானும் பொருத்தவும்.
தடித்த எண்ணெய் கொஞ்சம் மின்சாரம் தின்னும்,
பனிக்காலைகளில் முனகும்,
பொறுத்துக்கொள்ளவும்.

படிவத்தின் கடைசியில்
'மாற்று வழி' என்றொரு கட்டம்.
ரெண்டு மணிக்கும் முழு வேகம்.
மூன்றே சொல். செலவில்லை. கணக்குப்படி சரி.

குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு
ஆறு மணி ரயிலுக்கு நடந்தேன்.
கையுறைக்குள் வரைக்கும்
எண்ணெயில் கலந்த கந்தக வாடை.