ஒரு சாண் ஆழம்

மரவள்ளி ஒரே இரவில் சாய்ந்து கிடந்தது.
கிழங்கு இருந்த இடத்தில் காற்று.
பக்கத்தில், தேங்காய்ப்பூ கொட்டியதுபோல்
புது மண்.

"அகழான்" என்றார் நஜிமுதீன் வேலிக்கு அப்பாலிருந்து,
நோய்க்குப் பெயர் சொல்லும் டாக்குத்தர் மாதிரி.
மருந்தும் சொன்னார்:
காய்ந்த மிளகாய் போட்டுப் பொச்சுமட்டைப் புகை.
சரிவராவிட்டால் மூதூர்ச் சந்தியில் விற்கிற
நீலப் பொட்டலம்.
பொட்டலம் வேண்டாம் என்றேன்.
வளவில் கோழி நிற்குது, மகன் நிற்கிறான்.

புகை போட்டேன்.
ஒரு வாயில் ஊத ஏழு வாயால் வந்தது,
எட்டாவது அவருடைய குசினிக்குள்.
அவர் மனைவி இரண்டு நாள் தும்மினா.
மூன்றாம் நாளிலிருந்து என்னோடு கதைக்கிறதில்லை.

பிறகுதான் ஞாபகம் வந்தது
நான் என்ன வேலை பார்த்தவள் என்று.

முகமாலையில் ஆறு வருஷம்
முழங்காலில் நின்று சம்பளம் எடுத்தவள்.
முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு, நெஞ்சுக்குப் பாரச்சட்டை,
கையில் கம்பி.
சரித்துப் பிடி, குத்தாதே, தடவு.
ஒரு பாய் விரிக்கிற நிலம் முடிந்தால்
அன்றைக்கு நல்ல நாள்.

பழைய குடையில் ஒரு கம்பி கழற்றினேன்.
கறிவேப்பிலை மரத்தடியில் தொடங்கி
கயிறு கட்டி, ஒழுங்கை பிரித்து,
இடமிருந்து வலம்.
கம்பி இறுகிப் போகும், இறுகிப் போகும்,
பொசுக்கென்று ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்கு
என் முதுகு இன்னும் விறைக்கிறது.

கண்ட கண்ட இடத்தில் தடி நட்டேன்,
நுனிக்குச் சிவப்பு பூசி.
மகனின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வாங்கி
மிஞ்சிய பெயின்ட்.

பின்னேரம் நிமிர்ந்தால்
மகன் புத்தகப் பையோடு படலைக்கு வெளியே.
தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமல்
கடிதத்தை வேலியில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்.
நஜிமுதீனின் ஆடு மட்டும் உள்ளே வந்து
ஒரு தடியை மணந்து பார்த்துத் தின்றது.

"வா, இது அகழான்தான்."
"முதல்ல நீங்க நடந்து காட்டுங்கோ."
நடந்து காட்டினேன்.

இந்த வளவுக்கும் ஒரு தாள் உண்டு,
றங்குப்பெட்டிக்குள், சீல் குத்தி:
இவ்வளவு ஆழம் சோதித்தாயிற்று என்று.
கை விரித்து அளந்தால் ஒரு சாணுக்குக் கிட்ட.
அகழான் முழங்கை ஆழத்துக்குப் போகிறது,
அதற்குக் கீழும் போகிறது.
அதற்கு என்னிடம் தாள் இல்லை.

அதனால்
விடிய, தேத்தண்ணி வைக்க முதல்
அது தள்ளிவிட்ட மண்ணடியில் போய்க் குந்துகிறேன்.
சிப்பி.
ஓட்டுத்துண்டு.
துருப்பிடித்த ஒன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால்
ஆணி.
சட்டையில்லாமல், தகடில்லாமல், சம்பளமில்லாமல்
எனக்கு முன்னால் ஒரு ஆள் வேலை செய்கிறது.

சனிக்கிழமை கிண்டினேன்,
மண்வெட்டியால் அல்ல, சோற்றுக் கரண்டியால்.
மூன்று வளைவு, ஒரு இறக்கம்,
கடைசியில் அறை.
அறை நிறையக் கச்சான், கோதோடு, நெருக்கி அடுக்கி.
எங்கள் வளவில் கச்சான் இல்லை.

நஜிமுதீன் கொத்துப் பேணியோடு வந்தார்.
விதைக்கு வைத்ததாம். அளந்தார்.
இன்னொரு தரம் அளந்தார்.
"ஒரு சுண்டு குறையுதே, தங்கச்சி."
"அகழானைக் கேளுங்க காக்கா" என்றேன்.
வேலிக்கு அப்பால் யாரோ சிரித்த சத்தம் கேட்டது,
உடனே ஒரு பொய்த் தும்மலும்.

அகழான் அகப்படவில்லை.
ஒன்பதாவது வாய் ஒன்று இருந்திருக்கிறது.

இன்று காலை கிணற்றடியில் புது மண்,
ஈரமாய், கறுப்பாய்.
குந்தியிருந்து விரலால் கலைத்தேன்.
மகன் பல் தீட்டிக்கொண்டே கேட்டான்,
ஒரு தடிக்கு அந்தப் பக்கம் நின்று:
"என்ன கிடக்கு?"

இன்னொரு தரம் கலைத்துப் பார்த்துவிட்டு
"மண்" என்றேன்.